ஐந்து கெசத் தொலைவு

அந்தக் கோடையின் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி காலை ஒன்பது மணிக்கு முன்னர் ஒரு வெங்காயத்தைக்கூட உரித்ததில்லை. எங்களுக்கு ஒன்பது மணியென்றால் ஜெர்மனியில் பிற்பகல் மூன்று மணி. எங்கள் மகன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கும் நேரம் அது. கனடாவில், வோபர்னில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில் மடிக்கணினியை விரித்து நேரலையைப் பார்க்க நான் அமர்வேன். மனைவி பார்க்கமாட்டார். அடுப்படியில் நின்று கைகளுக்கு வேலை கொடுத்துக்கொள்வார். கூட்டம் ஆர்ப்பரிக்கும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஒரே கேள்வி வரும்.

"எழும்பிட்டானோ?"

"எழும்பிட்டான்."

"பொய் சொல்லாதேங்கோ."

"ஓமப்பா, எழும்பி நிக்கிறான். தண்ணி குடிக்கிறான்."

"தண்ணி குடிக்கிறானெண்டாச் சரி" என்பார். கரண்டியின் ஒலி மீண்டும் தொடங்கும்.

நான் தொழிலால் நீதிமன்ற உரைபெயர்ப்பாளன். ஒருவர் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மற்றொரு மொழியில் வைப்பேன் என்று சத்தியம் செய்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்வாறே உழைத்து வந்தவன். ஆயினும் முன்னறைக்கும் அடுப்படிக்கும் இடையிலான அந்தப் பன்னிரண்டு அடித் தொலைவில் நான் கூட்டியவையும் குறைத்தவையும் மிகப் பல. விழுந்த இடத்திலேயே மகன் சிறிது நேரம் கிடந்தால், "சப்பாத்துக் கயிறு கட்டுறான்" என்று, அவிழாத காலணி நாடாவைக் காரணம் காட்டுவேன்.

அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பல்கலைக்கழக அணியில் நான்கு ஆண்டுகள் ஆடியவன். இந்நாட்டின் தொழில்முறை அணிகளில் ஒன்றும் அவனை எடுக்கவில்லை. ஓராண்டு மார்க்கம் நகரக் களஞ்சியம் ஒன்றில் பெட்டிகளை ஏற்றி இறக்கினான். மாலைகளில் அஜின்கோர்ட்டில் ஒரு பாடசாலை மைதானத்தில் தனியாக ஓடினான். ஐரோப்பாவில் புதிதாய்த் தோன்றிய, பந்தைக் கையிலேந்தி ஓடி மோதி ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டக் கழகம் ஒன்று தன்னை அழைத்திருக்கிறது என்று ஒரு நாள் வந்து சொன்னான். கழகத்துக்கு அப்போது ஒன்றரை வயது. ஜெர்மனியின் நடுத்தர நகரம் ஒன்றில், வேறொரு விளையாட்டுக்கென்று கட்டப்பட்ட அரங்கை வாடகைக்கு எடுத்து, ஒரு செல்வந்தரின் ஆர்வத்தை மட்டுமே அடித்தளமாகக் கொண்டு அது நின்றது. உள்ளூர் வீரர்கள் வார நாள்களில் மின்வேலையும் கணக்கெழுத்தும் பார்ப்பவர்கள். வெளிநாட்டிலிருந்து எடுக்கப்பட்ட நால்வருள் இவன் ஒருவன்.

அவன் தற்காப்பின் கடைசி ஆள். பந்தைச் சுமந்து வருபவன் மற்றப் பத்துப் பேரையும் தாண்டிவிட்டால், அவனை வீழ்த்தவேண்டிய கடமை இவனுடையது. அன்றியும், இவனுடைய அணி பந்தை உயர உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் வேளைகளில், ஏறத்தாழ நாற்பது கெசம், அதாவது நூற்றிருபது அடி, முழு வேகத்தில் ஓடி, பந்தை ஏந்துபவனின்மேல் பாய்வதும் இவன் வேலையே. நான் அந்த ஆட்டத்தைப் பத்தாண்டுகள் பார்த்தேன். அதன் விதிகளுள் பெரும்பாலானவை எனக்கு விளங்கியதில்லை. எலும்பு எலும்போடு மோதும் ஒலி மட்டும் விளங்கியது.

சித்திரையில் போனவன், முதல் ஆட்டத்திலேயே கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு ஆறு கிழமைகள், ஒன்றரை மாதம், வெளியே இருந்தான். ஆனி மாதத்தில்தான் ஒழுங்காக ஆடத் தொடங்கினான். ஆடி பிறந்தபோது கழகம் சரிந்தது. ஒரு புதன்கிழமை அழைத்தான்.

"அப்பா, ரீம் முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சது?"

"எல்லாம். ஓனர் க்விற் பண்ணிட்டார். ஹெட் கோச் நேற்றே ஃப்ளைற் எடுத்திட்டார். அமெரிக்கன் பொடியள் மூண்டு பேரும் போயிட்டாங்கள்."

"அப்ப நீயும் வாவன். ரிக்கற் நான் எடுக்கிறன்."

"இல்லையப்பா. இன்னும் ரெண்டு ஹோம் கேம் இருக்கு. லோக்கல் பொடியள் விளையாடுவம் எண்டு சொல்லீனம். நானும் நிக்கிறன். எனக்கு வீடியோ ரேப் வேணும்."

வீடியோ ரேப் என்று அவன் கூறியது ஆட்டத்தின் ஒளிப்பதிவை. வேறோர் அணி அவனை எடுப்பதாயின், அவன் ஆடிய ஆட்டங்களின் ஒளிப்பதிவைப் பார்த்தே எடுக்கும். கணுக்கால் தின்றுவிட்ட பருவத்தில் அவனிடம் காட்டுவதற்கு அதிகம் இல்லை. எஞ்சிய இரண்டு ஆட்டங்களும் அவனுக்கு விண்ணப்பத்தின் இரண்டு பக்கங்கள். கழகத்தின் மருத்துவரும் அந்தக் கிழமையோடு வருவதை நிறுத்திவிட்டார். ஆட்டம் நடப்பதற்குக் கட்டாயம் என்பதால் முதலுதவி அளிக்கும் மீட்புப் படைத் தொண்டர்கள் இருவர், ஓர் ஊர்தியோடு, களத்தின் ஓரத்தில் நிற்பார்கள் என்று அவன் எனக்கு ஆறுதல் கூறினான்.

அந்த இரண்டில் முதலாவது ஆட்டத்தில் அவனுக்கு அடி விழுந்தது.

எதிரணியின் பருத்த வீரன் ஒருவனுடைய முழங்கால் அவன் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் பட்டது. ஒலி கேட்கவில்லை. அவன் விழுந்தபோது கைகள் விழுந்த முறையைத்தான் கண்டேன். விழுகிற மனிதன் நிலத்தை நோக்கிக் கைகளை நீட்டுவான். இவன் நீட்டவில்லை. இரு முன்கைகளும் வானத்தை நோக்கி விறைத்து, ஒரு கணம் அப்படியே நின்றன.

"எழும்பிட்டானோ?"

நான் திரையை நோக்கிக் குனிந்தேன்.

"என்னப்பா, எழும்பிட்டானோ?"

"கயிறு கட்டுறான்" என்றேன்.

எழுந்தான். தொண்டர்கள் அவனை ஓரத்தில் அமர்த்தி ஏதோ கேட்டார்கள். கால்மணி நேரத்தில் மீண்டும் களத்தில் நின்றான். அன்று மாலை அவனோடு தனியே பேசியபோது, அவன் சிரித்தான். பத்துச் சொற்களை வாசித்து, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். பத்தையும் பிழையின்றிச் சொன்னானாம்.

"நீங்கள்தானே பழக்கினது. சந்தத்திலை போட்டால் சொல்லு தப்பாது எண்டு. பத்தையும் பாட்டு மாதிரி அடுக்கி வைச்சிட்டன். அந்த அக்கா ஷொக் ஆகிட்டா."

ஏழு வயதில் அவனை மனனப் போட்டிகளுக்கு அனுப்பியவன் நான். ஸ்காபரோவின் மண்டபங்களில் அவன் வாங்கிய கேடயங்கள் எங்கள் கூடத்தில் வரிசையாய் நிற்கின்றன. பொருள் விளங்காத செய்யுளையும் ஓசையைப் பற்றிக்கொண்டு ஒப்புவிக்க வைத்தேன். அறிவு மயங்கினாலும் ஓசை மயங்காது என்று பெருமையாகவும் சொன்னேன். மூளை கலங்கியிருக்கிறதா என்று சோதிக்கும் வாயிலை, என் பிள்ளை கலங்கிய மூளையோடு கடந்துவிட்டான்.

"தலை இடிக்குதோ?"

"கொஞ்சம். அப்பா, ப்ளீஸ், அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. ரீமிலை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இன்னும் ஒரு கேம்தான். ப்ராமிஸ் பண்ணுங்கோ."

நான் வாக்குக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன்? மறுத்தால் அடுத்த அடியை என்னிடமும் மறைப்பான் என்று அஞ்சினேன் என்பதே உண்மைக்கு அண்மையானது.

முன்பொருமுறை, தலையில் காயமுற்ற ஒருவரின் வழக்கில், நரம்பியல் மருத்துவர் ஒருவரின் சாட்சியத்தை அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் சொன்னவன் நான். முதலடியின் புண் மூளையில் ஆறுமுன் விழும் இரண்டாவது அடி, முதலாவதைவிட இலேசானதாயினும், சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடும் என்ற வாக்கியத்தை என் வாயாலேயே செப்பனிட்டு ஒப்படைத்தேன். 'கூடும்' என்ற சொல்லில் அழுத்தம் விழவேண்டுமா என்று அன்று ஒரு கணம் ஆராய்ந்ததும் நினைவுண்டு. அந்தக் கிழமை முழுவதும் அச்சொல் ஒன்றே என்னை ஆட்டிவைத்தது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் வாக்கியம் முடியும் முன்னே என் மனம் ஓடிப்போய்விட, நீதிபதியிடம் இரண்டு முறை மீண்டும் கேட்கவேண்டியதாயிற்று.

ஒவ்வொரு நாளும் மதிய இடைவேளையில் அவனைக் காணொளியில் அழைத்தேன். அவன் அறையில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. அங்கே கோடையின் மாலை ஆறு மணி. இரவு ஒன்பதுக்கே இருட்டும் நாட்டில் அது இன்னும் வெயில் எரிக்கும் நேரம்.

"ஏன் இருட்டிலை இருக்கிறாய்?"

"லைற் அனோயிங்காக் கிடக்கப்பா."

வியாழக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. என் மனைவியின் தம்பி, அவனிருந்த நகரிலிருந்து தொடருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், முப்பது ஆண்டுகளாக வாழ்கிறார். உணவகமொன்றின் சமையலறையில் வேலை. மருமகனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்படி கேட்டேன். காரணம் சொல்லவில்லை. வெள்ளி இரவு வேலைக்கு முன்பாகப் போய் வந்து அழைத்தார்.

"அத்தான், பொடியன் சோக்கா இருக்கிறான். ரெண்டு கோப்பை சோறு இறங்கினது. ஞாயிற்றுக்கிழமை மச்சுக்கு என்னையும் வரச்சொல்லி ரிக்கற் தந்தவன்."

"முகம் எப்பிடி இருந்தது?"

"முகத்தை எங்கை கண்டது? வீட்டுக்குள்ளையும் கறுத்தக் கண்ணாடி. ஹீரோ மாதிரியெல்லே இருக்கிறான் உங்கடை மகன்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்ததாக நினைவு. பின்னர் குளியலறைக்குச் சென்று கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, மூடிய திரைச்சீலைகளையும் கறுத்தக் கண்ணாடியையும் சேர்த்து எண்ணினேன்.

சனிக்கிழமை மகனைக் கெஞ்சினேன். ஆடவேண்டாம் என்றேன். ஒளிப்பதிவு இல்லாவிட்டால் வேறு தொழில் பார்க்கலாம் என்றேன். "அப்பா, ஒரே ஒரு கேம்" என்றான். அவன் குரலில் அடம் இல்லை, களைப்பு இருந்தது. அதுவே என்னை மேலும் அச்சுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மனைவி வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். அரங்கில் ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். விளம்பரப் பலகைகளை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். களத்தைச் சுற்றி வெறும் இரும்புச் சட்டங்கள் தெரிந்தன. ஆட்டத்தை விவரித்த இருவரும் அது கழகத்தின் இறுதி ஆட்டம் என்று கூறிக் கூறி உருகினார்கள். நான் ஒரே ஒரு முதுகை, அதன்மேல் எழுதிய ஓரிலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதற்பாதியில் அவனுக்குப் பெரிய மோதல் ஒன்றும் இல்லை. ஆனால் பந்து வரும் திசைக்கு எப்போதும் அரைக்கணம் முன்பே திரும்புபவன், அன்று அரைக்கணம் பிந்தித் திரும்பினான்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அது நடந்தது. அது விளங்குவதற்கு ஒரு விதியைச் சொல்லவேண்டும். அந்த ஆட்டத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த விதி அது ஒன்றே. கனடாவில் ஆடும் முறையில், உதைத்த பந்தை ஏந்தக் காத்திருப்பவனைச் சுற்றி ஐந்து கெசம் எவரும் நுழையலாகாது. அவன் பந்தைத் தொடும்வரை வெளியே நிற்கவேண்டும், நுழைந்தால் 'நோ யார்ட்ஸ்' என்று தண்டனை. பல்கலைக்கழகக் காலத்தில் இளையவர்கள் ஆர்வத்தில் பாய்ந்துவிடாதபடி, எங்கள் மகன் இரு கைகளையும் விரித்து அவர்களை மறித்து நிற்பான். அந்த ஆட்டத்தில் என் கண்ணுக்கு இனிய ஒரே காட்சி அது. மோதாமல் நிற்பதற்கும் அங்கே ஒரு விதி இருக்கிறதே என்று மகிழ்வேன். ஆனால் ஐரோப்பாவில் ஆடுவது அமெரிக்க முறை. அதில் இந்த ஐந்து கெசம் இல்லை. புறப்படுமுன் அதை நூறு முறை தனக்குத்தானே சொல்லிப் பழகினான். பருவம் முழுவதும் ஒருமுறையும் அதில் தவறியதில்லை.

பந்து உயர உதைக்கப்பட்டது. மகன் முன்னே ஓடினான். எதிரணியின் ஆள் பந்தை ஏந்தாமல் ஒதுங்கிக்கொண்டான். பந்து புல்லில் விழுந்து துள்ளி, எல்லைக்கோட்டை நோக்கி உருண்டது. தொட்டு நிறுத்தினால் இவர்களுக்கு நன்மை. கைக்கெட்டும் தூரத்தில் மகன் இருந்தான். அவன் நின்றான். பந்திலிருந்து சரியாய் ஐந்து கெசத்தில் நின்று, இரு கைகளையும் விரித்து, பின்னால் ஓடிவந்த தன் அணியினர் இருவரை மறித்தான். பந்து அவர்கள் கண்முன்னே உருண்டு எல்லையைக் கடந்தது.

விவரிப்பவர்கள் சிரித்தார்கள். கனடாக்காரரின் பணிவைப் பாருங்கள் என்றார் ஒருவர். கூட்டமும் சிரித்தது. அணியினர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"என்ன சிரிப்பு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார் மனைவி.

அந்த அரங்கில் இருந்த எவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அவன் ஜெர்மனியில் இல்லை. அவன் தன்னளவில் இங்கே, பல்கலைக்கழகக் காலத்து மைதானம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தான்.

மைத்துனரை அழைத்தேன். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது.

"அத்தான்! பாக்கிறியளோ? எங்கடை ஆள் பந்தை விட்டிட்டுப் பொலிஸ்காரன் மாதிரிக் கையை விரிச்சு நிண்டவன். இஞ்சை சனம் விழுந்து விழுந்து சிரிக்குது."

"அவனை வெளியிலை எடுக்கவேணும்."

"என்னது?"

"அவனுக்குத் தலையிலை அடி. போன கிழமை பட்டது. இப்ப எங்கை நிக்கிறனெண்டே அவனுக்குத் தெரியேல்லை. இன்னொரு அடி விழுந்தால்..."

அடுப்படியின் ஒலி நின்றிருந்தது. மனைவி வாசலில் நின்றார். கையில் கத்தி.

"போன கிழமையோ?" என்றார்.

நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தேன்.

"உங்களுக்குப் போன கிழமையே தெரியுமோ? சப்பாத்துக் கயிறு எண்டியள்."

கத்தியை மேசைமேல் வைத்து, கைப்பேசியைப் பறித்தார்.

"தம்பி, நீ எங்கை நிக்கிறாய்? கீழை இறங்கு."

"வேலி இருக்கு அக்கா."

"ஏறு."

"எனக்கு அம்பத்துமூண்டு வயசக்கா."

"எனக்கு அம்பத்தேழு. நானெண்டா இவ்வளவுக்கு ஏறியிருப்பன். ஏறடா!"

நேரலை நாற்பது வினாடி பிந்தியது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கைப்பேசியில் மைத்துனர் மூச்சிரைக்க ஓடும் ஒலி. திரையிலோ அவர் இன்னும் வேலியேறவில்லை. நாங்கள் காண்பவை யாவும் ஏற்கெனவே நடந்து முடிந்தவை. அந்த நாற்பது வினாடிக்குள் அங்கே என்னவும் நடந்திருக்கலாம்.

நடந்தது. கைப்பேசியில் கூட்டம் ஒருமிக்க அலறியது. அதன் நடுவே மைத்துனரின் குரல்: "ஐயோ!"

"என்னடா? தம்பி, என்ன?" மனைவி கத்தினார். மறுபுறம் இரைச்சல் மட்டுமே.

திரையில் ஒன்றும் நிகழவில்லை. வீரர்கள் நிதானமாய் வரிசையில் நின்றார்கள். மகன் பின்னே, தன் இடத்தில், தனியாக நின்றான். மனைவி என் தோளைப் பற்றினார். அந்தக் கோடையில் அவர் முதன்முறையாகத் திரையைப் பார்த்தார். பந்து நகர்ந்தது. சுமந்தவன் ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், எங்கள் மகனை நோக்கி நேரே வந்தான். மனைவியின் நகங்கள் என் தோளில் இறங்கின. நான் கண்களை மூடவில்லை; மூட முடியவில்லை. எங்கிருந்தோ குறுக்கே பாய்ந்த உள்ளூர் வீரன் ஒருவன், எங்கள் பிள்ளைக்கு இரண்டடி முன்னே, சுமந்தவனை அடித்து வீழ்த்தினான். இருவரும் மகனின் கால்களுக்கருகே உருண்டார்கள். மகன் அசையாமல் நின்று அவர்களைக் குனிந்து பார்த்தான். அவர்கள் யார் என்று கேட்கப்போகிறவனைப் போல.

"அக்கா, அவனில்லை, மற்றப் பொடியன்தான் விழுந்தது" என்ற மைத்துனரின் குரல் அப்போதுதான் தெளிந்தது. "நான் இப்ப அம்புலன்ஸ்காரரோடை நிக்கிறன். டிஃபென்ஸ் கோச்சும் இஞ்சை. அவனைக் கூப்பிட்டாச்சு. என்ன சொல்ல, சொல்லுங்கோ."

பிறருடைய சொல்லைச் சுமந்தே வாழ்ந்தவன் நான். அன்று என் சொல்லைச் சுமக்க ஒருவர் வேண்டியிருந்தார். அவர் ஜெர்மன் மொழியில் கூட்டுகிறாரா குறைக்கிறாரா என்று அறிய எனக்கு வழியில்லை. நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் என்னினும் நீண்ட வாக்கியங்களாகச் சொன்னார். இடையே மீட்புப் படைப் பெண்ணின் அமைதியான குரல். பின்னர் மகனின் குரல்.

"அப்பா? வட் ஆர் யூ டூயிங்? ஐ ஆம் ஃபைன். மாமாவை ஏன் க்ரவுண்டுக்குள்ளை விட்டனீங்கள்?"

அப்பெண் பெயரைக் கேட்டார், சொன்னான். என்ன நாள் என்று கேட்டார், ஞாயிறு என்றான். பத்துச் சொற்களை வாசித்தார். சில நிமிடங்களில் அவை திரும்பி வந்தன. பத்தும், வரிசை பிசகாமல், இலேசான ஓசை நயத்தோடு. என் காதுக்கு அது சாவுமேளமாய்க் கேட்டது.

"எல்லாம் சரியாச் சொல்லுறான் அத்தான்" என்றார் மைத்துனர். "திருப்பி விளையாட விடலாமாம்."

"விடவேண்டாம்! போனை அவனிட்டைக் குடும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடும்."

என் குரல் எனக்கே அயலாய் இருந்தது.

"மகன், அந்தப் பந்தை ஏன் தொடேல்லை?"

"நோ யார்ட்ஸ் அப்பா" என்றான், சிறுபிள்ளைக்கு விளக்குபவனைப்போல. "ஃபைவ் யார்ட்ஸ் விடோணும். பெனல்ற்றி வருமெல்லே. உங்களுக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"நீ இப்ப எங்கை விளையாடுறாய்?"

"ஹோம் கேம்."

"எந்த ஊரிலை, ராசா?"

குழப்பத்தோடு, மெல்லக் கேட்டான்:

"நீங்கள் இஞ்சை ஸ்ராண்ட்ஸிலைதானே இருக்கிறீங்கள்? அம்மாவும் வந்தவவோ?"

மனைவியின் வாயிலிருந்து ஒரு கேவல் எழுந்தது. இரு கைகளாலும் அதை அடைத்துக்கொண்டார்.

மைத்துனர் அதை மொழிபெயர்த்தார். இம்முறை குறுகிய வாக்கியம். தற்காப்பைப் பயிற்றுவித்தவர், வார நாள்களில் பாடசாலை ஆசிரியர், ஊதியமின்றி எஞ்சி நின்றவர், உடனே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பின்னரே அறிந்தேன்: 'அந்த விதி இங்கே இல்லை.' நாற்பது வினாடி கழித்துத் திரையின் ஓரத்தில் அதைக் கண்டோம். அவர் மகனின் கையிலிருந்து தலைக்கவசத்தை வாங்கி, தன் பைக்குள் வைத்து, பையை இழுத்து மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசமின்றி எவரும் களத்தில் இறங்க இயலாது. ஆதலால் அடிபட்டவனின் தலைக்கவசத்தை ஒளிப்பது அந்த ஆட்டத்தில் வழக்கமாம். மகன் அவர்முன் நின்று கைகளை வீசிச் சண்டை பிடித்தான். பிறகு சட்டென்று நிலத்தில் அமர்ந்து வாந்தி எடுத்தான்.

மருத்துவமனையில் மண்டையோட்டுக்குக் கீழே மெல்லிய இரத்தக் கசிவு இருப்பதாகக் கண்டார்கள். வளர்ந்தால் திறக்கவேண்டும், வளராவிட்டால் காத்திருக்கவேண்டும். மணிக்கொருமுறை அவனை எழுப்பிப் பார்த்தார்கள். மைத்துனர் வேலைக்குப் போகாமல் கட்டிலருகே நாற்காலியில் இருந்தார். நானும் மனைவியும் கைப்பேசியை நடுவில் வைத்து மேசையின் இருபுறமும் இருந்தோம். அவர் என்னோடு பேசவில்லை. பயணச்சீட்டு எடுப்பதா, எடுத்து வானில் இருக்கும் எட்டு மணி நேரத்தில் செய்தி வந்தால் என்ன செய்வது என்ற ஒன்றையே இருவரும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தோம். அரை உரித்த வெங்காயம் அடுப்படியில் காய்ந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தில் கசிவு வளரவில்லை. அன்று பிற்பகல் மகனே அழைத்தான்.

"நீங்கள் ப்ராமிஸ் பண்ணினீங்கள்" என்று தொடங்கினான். அது அவனுடைய கடைசி ஆட்டம் என்றான். இனி ஒருவரும் தன்னை எடுக்கமாட்டார்கள்; அந்த ஒளிப்பதிவில் இருப்பது வேலியேறிய மாமாவும் வாந்தியெடுக்கும் தானும் மட்டுமே என்றான். நான் எந்நாளும் பயந்தாங்கொள்ளி என்றும், என் பயத்தை அவன் தலையில் கட்டிவிட்டேன் என்றும், இனி எதையும் என்னிடம் சொல்லப்போவதில்லை என்றும் ஏசினான். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. அவன் சொன்னதன் பொருளை அன்று நான் கேட்கவே இல்லை என்பதே உண்மை. வாக்கியங்கள் முடிகின்றனவா, சொற்கள் இடறுகின்றனவா, நேற்றைக்கும் நாளைக்கும் உள்ள வேறுபாடு அவன் பேச்சில் நிலைத்திருக்கிறதா என்றே, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாய்ச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவன் தொடர்பைத் துண்டித்தான்.

மனைவி எதிரே நின்றார். இரண்டு நாள்களுக்குப் பின் என்னிடம் பேசிய முதற்சொல் அது.

"என்னவாம்?"

"ஏசினவன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்துப் பதினொரு நிமிசம் இருக்கும்."

"நடுவிலை எங்கையும் தடக்கினவனோ?"

"இல்லை."

அவர் என்னையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார். கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"திருப்பி எடுங்கோ" என்றார். "நானும் கேக்கவேணும். இன்னும் கொஞ்சம் ஏசட்டும்."